பத்தாவது குன்றிமணி

ஜென்சி மிஸ்ஸின் வகுப்பில் எண்கள் கரும்பலகையில் இருப்பதில்லை. தரையில் இருக்கும், தட்டில் இருக்கும், சில நாள் தண்ணீருக்குள்கூட இருக்கும்.

ஒரு நீலப் போர்வையை உதறி விரித்து, "இதுதான் காவிரி, யாரும் காலை நனைக்கக் கூடாது" என்பாள். போர்வை மேல் அட்டை மீன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண், வாயில் ஒரு ஜெம் கிளிப். குச்சியில் நூல் கட்டி, நூல் நுனியில் காந்தம் கட்டித் தூண்டில். "ஏழாம் நம்பர் மீன் யாருக்கு மாட்டுதுன்னு பார்ப்போம்!" அவ்வளவுதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளும் ஏழைத் தேடுவார்கள்.

தின்பண்ட வேளைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். எதையும் எண்ணாமல் வாயில் போடக் கூடாது. பூந்தியோ பட்டாணியோ, முதலில் தட்டில் கொட்டு, கலர் கலராகப் பிரி, எண்ணிச் சொல், அப்புறம் தின்னு.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அந்த மழலைப் பள்ளியை நடத்துகிற மகாலட்சுமி மாமிக்கு இதில் கொள்ளைப் பெருமை. "என்னடீ ஜென்சி, உன் கிளாஸ் குழந்தைகள் ஆத்துல சாதப் பருக்கையை எண்ணறதுகளாம். சாப்ட்டு முடிக்க ராத்திரி ஆயிடறதுன்னு அம்மாக்கள்லாம் புலம்பறா!"

அந்த வெள்ளிக்கிழமை அவள் கொண்டுவந்தது குன்றிமணி ரயில்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பார்களே, அதே குன்றிமணி. சிவப்பு உடம்பு, நெற்றியில் கறுப்புப் பொட்டு. ராஜகோபுரத்துக்குப் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் பார்த்ததுமே ஜென்சிக்குக் கை பரபரத்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "பகல்ல அங்க ரயில், வீட்டுக்கு வந்தா உன் ரயிலா?" என்று சலித்துக்கொண்டே, பத்து மணிகளுக்கு நடுவில் மெல்லிசாக ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

சித்தார்த்தன், கனிஷ்கா, அல்ஷிஃபா. அன்றைக்கு மணி மேசை இந்த மூன்று பேருக்கு. நூலில் ஒரு மணியைக் கோர்த்தால் எஞ்சின், அடுத்தது ரெண்டாம் பெட்டி, அதற்கடுத்தது மூணாம் பெட்டி. பத்துப் பெட்டியும் சேர்ந்ததும் மூன்று பேரும் நூலைப் பிடித்துக்கொண்டு கூவிக்கொண்டே வகுப்பைச் சுற்றினார்கள். ஜென்சி ஒரு போட்டோ எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

மதியம் வேன் வந்துவிட்டது. கனிஷ்காவின் ஒரு ஷூவைக் காணோம். மேசைக்கு அடியில் குனிந்து தேடியபடியே ஜென்சி, "சித்து, மணியை உருவி டப்பாவுல போடு. எண்ணிப் போடு!" என்றாள். வெளியே டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அது அடங்கியபோது சித்தார்த்தனின் குரல் கேட்டது. "எட்டு... ஒம்பது... பத்து! பத்து இருக்கு மிஸ்!"

"சமர்த்து" என்று சொல்லி, டப்பாவை வாங்கி மூடினாள். ஷூ கிடைத்தது. வேன் போயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. அல்ஷிஃபாவின் அம்மா சாரா பீவி. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வரும்வரை மகளை இங்கேயே பகல் காப்பகத்தில் விட்டிருப்பவள்.

"டீச்சர், போட்டோ பாத்தேன். அது நெசக் குன்றிமணியா, பிளாஸ்டிக்கா?"

"நெசம்தாங்க. நல்லா இருக்கில்ல?"

"அல்லாவே! டீச்சர், அது விஷக் கொட்டைங்க."

ஜென்சிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "சாமி கண்ணுக்கெல்லாம் வைக்கிறாங்களேங்க..."

"சாமி கடிக்காதுங்க. புள்ளைங்க கடிக்கும். முழுசா முழுங்குனா தோல் கெட்டியா இருக்கிறதால சில சமயம் அப்படியே வெளிய வந்துரும். நீங்க நூல் கோர்த்திருக்கீங்களே, ஓட்டை போட்டிருக்கா?"

"போ... போட்டிருக்கு."



"ஓட்டை போட்டதுன்னா உள்ள இருக்கிற விஷம் நேரா எறங்கும் டீச்சர். சின்னப் புள்ளைக்கு ஒண்ணே போதும். உடனே தெரியவும் தெரியாது. சில மணி நேரம் நல்லா ஆடிக்கிட்டு இருக்கும், அப்புறம்தான் வாந்தி ஆரம்பிக்கும். இதுக்கு மாத்து மருந்தே கிடையாதுங்க. எல்லாத்தையும் எண்ணி எடுத்து வச்சுட்டீங்களா?"

"பத்தும் இருக்குங்க" என்றாள் ஜென்சி.

"நல்லா எண்ணுனீங்களா?"

"எண்ணியாச்சுங்க. பத்து."

"அல்ஹம்துலில்லாஹ். தூக்கிப் போட்டுருங்க டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. நான் மாமிகிட்ட ஒண்ணும் சொல்லல."

ஜென்சி போனை வைத்தாள். மாமிக்குத் தெரிந்தால்? குழுவில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்குத் தெரிந்தால்? முதலில் போட்டோவை அழித்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்த்தாள். ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். டப்பாவையும் தன் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

முடிந்தது. பத்தும் போயிற்று.

சாயங்காலம் மாமி கூப்பிட்டாள். "ஜென்சி, நாளைக்கு ஆத்துல விசேஷம். பத்துத் தேங்காய் வேணும். நம்ம சித்துவோட அப்பா மண்டில வாங்கிண்டு வந்துடேன். நல்ல காயாப் பார்த்துத் தருவர். நான் இங்க விளக்கேத்திட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை என்றால் ஐந்தரைக்கு மாமி விளக்கேற்றுவாள். ஹாலில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை, அதில் பெருமாள் படம், படத்துக்கு முன்னால் மூடி போட்ட வெள்ளிக் கிண்ணம். பொட்டுக்கடலை, கல்கண்டு, கலர் சீரக மிட்டாய் எல்லாம் கலந்து காலையிலேயே நிரப்பி வைத்துவிடுவாள். படைத்துப் பெருமாள் கண்டருளியதும் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கரண்டி.

ஜென்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினாள். காற்று முகத்தில் பட்டதும் மனசு கொஞ்சம் லேசானது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சிவசங்கரின் தேங்காய் மண்டி. சித்தார்த்தன் சாக்கு மூட்டை மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"மிஸ்! அப்பா, எங்க மிஸ்! மிஸ்ஸுக்கு நான்தான் எண்ணுவேன்!"

"எண்ணுங்க முதலாளி" என்றார் சிவசங்கர். "வாங்க டீச்சர். உங்ககிட்ட வந்ததுலேர்ந்து இவனைப் பிடிக்க முடியல. ரோட்டுல போற ஆட்டோவைக்கூட எண்ணித்தான் விடுறான்."

சித்தார்த்தன் குவியலிலிருந்து ஒரு காயை ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். "லாபம்!" என்று கத்தினான். தள்ளாடிக்கொண்டே போய்ச் சுவரோரம் இருந்த சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். கை கூப்பினான். திரும்பி வந்து அடுத்த காயைச் சாக்கில் போட்டான். "ரெண்டு!" அப்புறம் மூணு, நாலு. "பத்து! பத்து இருக்கு மிஸ்!"

ஜென்சி சிரித்துக்கொண்டே சாக்கின் வாயைப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் கண் தானாக எண்ணியது.

"சித்து, ஒம்பதுதானே கண்ணா இருக்கு?"

சிவசங்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மண்டி வழக்கம் டீச்சர். நாங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். முதல் காயை லாபம்னு சொல்லி சாமிகிட்ட வெச்சுட்டு, ரெண்டுலேர்ந்து சாக்குல போடுவோம். கடைசியா சாமிகிட்ட இருக்கிறதையும் எடுத்துப் போட்டாத்தான் கணக்கு நேராகும். இந்தப் பய அதை மட்டும் மறந்துருவான். நேத்துகூட ஒரு ஹோட்டல்காரர் பாதி வழியிலேர்ந்து திரும்பி வந்து சண்டை போடுறாரு, ஒரு காய் குறையுதுன்னு."

சாக்கின் வாயைப் பிடித்திருந்த ஜென்சியின் விரல்கள் தளர்ந்தன. ஒரு காய் உருண்டு அவள் காலில் மோதியது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

மதியம் ஹாரன் சத்தத்தில் அமுங்கிப் போன எண்கள். எட்டு, ஒம்பது, பத்து மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. முதலில் இவன் என்ன சொன்னான்?

மண்டியிட்டு உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்தாள். "சித்துக் கண்ணா, மத்தியானம் குன்றிமணியை டப்பாவுல போட்டியே. அப்பவும் இப்படித்தான் லாபம் சொன்னியா?"

"ஆமா மிஸ்."

"டப்பாவுல எத்தனை போட்ட?"

"ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும்."

ஒன்பது. டப்பாவில் கிடந்தது ஒன்பது. திறந்து ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமலே கொட்டித் தண்ணீர் ஊற்றியாயிற்று. சாரா பீவியிடம் வாய் கூசாமல், எண்ணியாச்சுங்க என்றும் சொல்லியாயிற்று.

"லாபத்தை எங்கப்பா வெச்ச?"

"சாமிகிட்ட மிஸ்."

"எங்க? படத்துக்குக் கீழயா?"

"கீழ வெச்சா உருண்டு உருண்டு ஓடுது மிஸ். அதான் மாமியோட மிட்டாய்க் கிண்ணத்துக்குள்ள வெச்சேன்." அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. "மூடியும் போட்டுட்டேன்."

மண்டிச் சுவரில் கடிகாரம் ஐந்தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பொட்டுக்கடலை, கல்கண்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சீரக மிட்டாய். அதற்கு நடுவில் பளபளவென்று ஒரு சிவப்பு. பிள்ளைகள் கையேந்தி வாங்கும், அப்படியே வாய்க்குள் கொட்டிக்கொள்ளும். கறுக் முறுக்கென்று கடிக்கும்.

மாமியின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மாமி உலகத்தையே மறந்துவிடுவாள். ஆயா பாப்பாயியின் போனுக்கு அடித்தாள். யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?" சின்னக் குரல்.

"அல்ஷிஃபா? மிஸ் பேசுறேன் கண்ணு. ஆயாகிட்ட போனைக் குடு."

"ஆயா பாத்ரூம்ல மிஸ். தம்பிப் பாப்பா டிராயர்லயே போயிட்டான். சீ!"

"மாமிகிட்ட குடு. ஓடு!"

"மாமி கண்ணை மூடி சாமி கும்பிடுறாங்க மிஸ். நடுவுல கூப்பிட்டா மிட்டாய் கிடையாதாம்."

"மிட்டாய் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. எல்லாரும் உக்காந்தாச்சு. எனக்குச் சிவப்பு மிட்டாய்தான் பிடிக்கும் மிஸ்."

ஜென்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தின்னாதே என்று கத்தலாம். ஆனால் அவளுக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியும். மிட்டாயைத் தின்னாதே என்று சொன்னால், பிடுங்கிக்கொள்வார்களோ என்று முதல் வேலையாக வாயில் போட்டுவிடும். விஷம் என்றால் என்னவென்றே தெரியாத வயசு.

"அல்ஷிஃபா, இங்க கேளு. இன்னைக்கு மிட்டாய் விளையாட்டு. நீதான் மிஸ்."

"நானா?"

"நீயேதான். எல்லாருக்கும் தட்டு எடுத்துக் குடு. யாரும் எண்ணாம வாயில போடக் கூடாது. கலர் கலராப் பிரிக்கணும். நான் வந்து ஒவ்வொரு தட்டாப் பாக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நீதான் மிரட்டணும், சரியா?"

"சரி மிஸ். குச்சி எடுத்துக்கட்டுமா மிஸ்?"

பதில் சொல்வதற்குள் போன் செத்தது. திரும்ப அடித்தாள். சுவிட்ச் ஆஃப். பகல் முழுக்கப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துப் பார்த்துச் சார்ஜைத் தீர்த்திருந்தார்கள்.

"டீச்சர், காயை வெச்சுட்டுப் போறீங்களே! என்னாச்சுங்க?" சிவசங்கரின் குரல் எங்கேயோ பின்னால் கேட்டது.

காவிரிப் பாலத்தில் அந்த நேரத்துக்கு எப்போதும் இருக்கிற நெரிசல். முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ, நடுவில் நுழைய இடமில்லை. ஹாரனை அழுத்தினாள். "அக்கா, பறந்தா போவீங்க?" என்று ஒருவன் கேட்டான். கீழே ஆறு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முகமாக வந்தது. காப்பகத்தில் சாயங்காலம் இருப்பவை ஏழு பிள்ளைகள். இந்நேரம் கிண்ணம் திறந்திருக்கும். கரண்டி உள்ளே போயிருக்கும். முதல் கரண்டியா, மூணாவதா? யார் கையில்? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சிரித்து விளையாடிவிட்டு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழப்போவது யார்? அம்மா கேட்பாள், என்னடா சாப்பிட்ட? பிரசாதம் என்று சொல்லும்.

"இயேசுவே, என் கையை வேணா எடுத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். பஸ் ஓரடி நகர்ந்தது. அந்த ஓரடியில் ஸ்கூட்டரைச் செருகினாள்.

சித்திரை வீதியில் பள்ளி வாசலில் வண்டியை ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை. அது சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே வேறு சத்தமே இல்லை.

ஏழு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சத்தமே இல்லை.

ஹாலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தட்டு. தட்டில் குட்டிக் குட்டிக் குவியல்கள். அல்ஷிஃபா கையில் அடிக்குச்சியோடு நடுவில் நின்றாள். மாமி வாயில் கை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நன்னா இருக்குடீ உன் பாடம்! பிரசாதத்தை வாயில போட விடமாட்டேங்கறா இந்த வாண்டு. என்னையே உட்காருங்கோங்கறா..."

ஜென்சி காதில் எதுவும் விழவில்லை. முழங்காலில் தவழ்ந்தே ஒவ்வொரு தட்டாகப் போனாள். சிவப்புக் குவியலைக் கலைத்தாள். சீரக மிட்டாய். அடுத்த தட்டு. சீரக மிட்டாய். ஒரு பிள்ளை, "மிஸ், நான் எண்ணுனதைக் கலைச்சுட்டீங்க" என்று உதட்டைப் பிதுக்கியது. ஆறாவது தட்டும் முடிந்தது. இல்லை.

பலகையிலிருந்த கிண்ணத்தை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். மிச்சமிருந்த பொட்டுக்கடலை சிதறியது. இல்லை.

"பெருமாளே! என்னடீ பண்றே?" மாமியின் சிரிப்பு போய்விட்டது.

அப்போதுதான் மூலையில் பாப்பாயியின் இடுப்பில் இருந்த தம்பிப் பாப்பாவைப் பார்த்தாள். ரெண்டரை வயசு. காப்பகத்தின் கடைக்குட்டி, ஜென்சியின் வகுப்பு இல்லை. அவளுடைய சட்டம் எதுவும் தெரியாது. அவன் முன்னால் தட்டும் இல்லை. கன்னம் உப்பியிருந்தது. வாய் அரைத்துக்கொண்டிருந்தது.

ஜென்சி பாய்ந்து அவனைப் பிடுங்கினாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். அவன் வீறிட்டான். வந்தது மாவாகிப் போன பொட்டுக்கடலை, பச்சையாக ஒரு மிட்டாய்த் துண்டு. இன்னும் துழாவினாள். வேறொன்றும் இல்லை.

"இவனுக்கு எவ்வளவு குடுத்தீங்க? சிவப்பா ஏதாவது இருந்துச்சா? ஆயா, சிவப்பா இருந்துச்சா?"

"ஒரு கை குடுத்தேன் தாயி. முழுங்கிட்டானே. நான் என்னத்தக் கண்டேன்?" பாப்பாயியின் முகம் வெளுத்தது.

ஏழாவது பிள்ளை. ஆறு தட்டிலும் இல்லை, கிண்ணத்தில் இல்லை. அப்படியானால் உள்ளே போய்விட்டது. ஜென்சி பையனை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆட்டோ... ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ..." என்றாள்.

சேலையை யாரோ இழுத்தார்கள். அல்ஷிஃபா.

"மிஸ், நீங்க என் தட்டைப் பார்த்தீங்க, கையைப் பார்க்கவே இல்லையே."

"அப்புறம் கண்ணு, அப்புறம்..."

"இது எதுலயுமே சேர மாட்டேங்குது மிஸ்." அவள் மூடியிருந்த இடது கையைத் திறந்தாள். "நம்ம ரயில் பெட்டி! பாதி சிவப்பு, பாதி கறுப்பு. சிவப்புல வெச்சா தப்பு. கறுப்புக்குக் குவியலே இல்ல. அதான் தனியா வெச்சிருக்கேன். எண்ணட்டுமா, வேணாமா?"

வியர்த்த சின்ன உள்ளங்கையில் குன்றிமணி மின்னியது. நடுவில் ஊசி முனையளவு ஓட்டை.

ஜென்சி அதை எடுத்தாள். "இதை வாயில வெச்சியா? நக்கினியா? சும்மா ஒரு தரம்?"

"எண்ணாம எப்படி மிஸ் வைக்கிறது?" என்றாள் அல்ஷிஃபா. மிஸ்ஸுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல.

ஜென்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிப் பாப்பாவின் அழுகை, மாமியின் கேள்விகள், பிள்ளைகளின் சளசளப்பு எல்லாம் தூரத்தில் கேட்டன. அல்ஷிஃபாவை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். சாரா பீவி, வேலை முடித்த களைப்போடு படியேறினாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஜென்சியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"மத்தியானம் உங்களை ரொம்பப் பயமுறுத்திட்டேனோ டீச்சர்? எனக்கே அப்புறம் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் பத்தும் இருக்கே, பின்ன என்ன."

ஜென்சியின் கை மூடியிருந்தது. அது என்னவென்று மாமிக்குத் தெரியாது. பாப்பாயிக்குத் தெரியாது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாளைக்கும் இந்த வகுப்பு இருக்கும், நீலப் போர்வை இருக்கும்.

அவள் விரல்களைத் திறந்தாள்.

"இல்லைங்க. ஒம்பதுதான் இருந்துச்சு. நான் எண்ணவே இல்லைங்க, அந்தப் பையன் சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்." குன்றிமணியை அவள் பக்கம் நீட்டினாள். "இப்பத்தாங்க பத்து ஆச்சு. உங்க பொண்ணு கையிலேர்ந்து."

சாரா பீவி குன்றிமணியைப் பார்த்தாள், அதன் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, மகளின் தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னாள்.